கார்னர்ல நிக்கிறவனுக்கு அன்னிக்குக் கூலி யாரு குடுப்பா?

போன ஞாயித்துக்கிழமை பெருங்களத்தூர்ல ஒரு கிரகப்பிரவேசம். மூணாவது மாடி, லிஃப்ட் இன்னும் வரல. ஏறி முடிக்கும்போதே ரெண்டு இட்லிக்கு இடம் வந்துடுச்சு.

பந்தியில எனக்கு எதிர்ல சித்தப்பா. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். (எல்லார் குடும்பத்துலயும் இப்படி ஒருத்தர் இருப்பாரு. யார் வீட்டு விசேஷமா இருந்தாலும் அடுத்த தலைமுறைக்கு அங்கயே ஒரு இன்டர்வியூ வெச்சுடுவாரு.) அவர் பக்கத்துல போய் உக்காந்தது என் அக்கா பையன். ப்ளஸ் டூ. பாவம், வேற இலை காலியா இல்ல.

"காலங்காத்தால எங்கடா போற, ட்யூஷனா?"

"இல்ல தாத்தா, கபடி ப்ராக்டிஸ்."

"கபடி ஆடி என்னத்தக் கிழிக்கப் போற?"

பையன் பதிலே சொல்லல. கேசரியப் பாத்துக்கிட்டே இருந்தான். (அவன் லெஃப்ட் கார்னர், அதாவது பிடிக்கற வரிசையில இடது ஓரத்துல நிக்கிறவன். கார்னர்ல நிக்கிறவன் அவசரப்பட்டு முன்னாடி போகக் கூடாதுன்னு கோச் சொல்லிக் குடுத்திருக்காரு. அத பந்தியிலயும் கடைப்பிடிக்கிறான்.)

எனக்குத்தான் சுர்ருன்னு ஏறிடுச்சு. வாயத் தொறக்கறதுக்குள்ள இன்னொரு குரல்.

"சித்தப்பா, எங்க ஊர்ல இதே வேலைக்குக் கை நிறைய சம்பளம்."

பெரியம்மா பையன். சிட்னிக்குப் போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு, லீவுக்கு வந்திருக்கான். வீடு வென்ட்வொர்த்வில். நம்ம ஆளுங்க நிறைய இருக்கற பக்கம். நீலமும் மஞ்சளுமா ஒரு டி-ஷர்ட் போட்டுக்கிட்டுதான் கிரகப்பிரவேசத்துக்கே வந்திருந்தான். பாராமட்டா ஈல்ஸ்னு ஒரு ரக்பி லீக் டீமாம். கடைசியா கப் அடிச்சது 1986-ல.

நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். தமிழ் தலைவாஸ் ரசிகன் சார் நான். 2017-ல டீம் வந்ததுலேருந்து மொத ரெண்டு சீசனும் எங்க பிரிவுல கடைசி, மூணாவது சீசன் மொத்தத்துலயே கடைசி. அந்த மனசு எனக்குத் தெரியாதா!

சரி, ரக்பி லீக்னா என்னன்னு அன்னிக்கு மொட்டை மாடியில அவன் எடுத்த கிளாஸை உங்களுக்கும் சுருக்கமா சொல்லிடறேன்.

ஒரு டீமுக்கு 13 பேரு. 80 நிமிஷம். முட்டை மாதிரி பந்து. பந்த வெச்சிருக்கறவன எதிர் டீம் பிடிச்சு மடக்கும். மடக்கினா ஒரு டேக்கிள். எழுந்து பந்த காலால பின்னாடி தள்ளி, திரும்ப ஆரம்பிக்கணும். ஆறு டேக்கிளுக்குள்ள எதிர்ப் பக்கக் கடைசிக் கோட்டத் தாண்டலன்னா பந்து எதிர் டீமுக்கு.

பதிமூணு பேர்ல ஆறு பேரு ஃபார்வர்டு. இவங்க வேலை என்னன்னா, முட்டறது. நூறு கிலோவுக்கு மேல இருக்கற ஒருத்தன், அதே எடையில வரிசையா நிக்கிற மூணு பேர் மேல நேரா ஓடிப் போய் மோதணும். மோதி, பத்து அடி முன்னாடி போனா அதுவே லாபம். பந்து கைமாறிடுச்சுன்னா இப்ப அந்தப் பக்கத்துக்காரன் ஓடி வருவான், அவனப் பிடிக்கணும். ஒரு மேட்ச்ல முப்பது, நாப்பது தடவ பிடிக்கிறவன்லாம் இருக்கான்.

கோட்டத் தாண்டிப் பாயிண்ட் எடுத்து, கேமரா முன்னாடி கையத் தூக்கறது? அது பெரும்பாலும் ஓரத்துல ஓடற ஒல்லிப் பையன்.

"அப்ப இந்த முட்டறவன யாருக்குத் தெரியும்?"

"இவன ரசிகனுக்குத் தெரியும். ஆட்டம் தெரிஞ்ச ரசிகனுக்கு."

இதக் கேட்டதும் எனக்கு அக்கா பையன் ஞாபகம்தான் வந்துச்சு.

நம்ம கபடியிலயும் இதே கதைதானே? யோசிச்சுப் பாருங்க. கபடின்னாலே நமக்கு ரெய்டர், பாடிப் போறவன். 'கில்லி'யில கபடி பாத்த தலைமுறை நாம. சின்ன வயசுல தெருவுல ஆடும்போது எல்லாருக்கும் பாடிப் போகணும். பிடிக்கறதுக்கு யாரும் வர மாட்டான். குண்டா இருந்ததால என்ன எப்பவும் பிடிக்கற பக்கம் நிறுத்துவாங்க. (நான் பிடிச்சது கம்மி. என் மேல விழுந்தவங்க அதிகம்.)

ஆனா கபடியில நீடிச்சு நின்ன உழைப்பாளி ஒருத்தரச் சொல்லுன்னா, நான் சொல்றது ஒரு கார்னரத்தான்.

தர்மராஜ் சேரலாதன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 1975-ல பிறந்தவர். ப்ரோ கபடி லீக் 2014 ஜூலையில ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 39. கொஞ்சம் நிதானமாப் படிங்க. முப்பத்தொம்போது. மத்தவன் முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு கோச்சிங் பக்கம் நகர்ற வயசுல இவருக்கு லீக்கே ஆரம்பிக்குது.

2016-ல பாட்னா பைரேட்ஸ் கேப்டனா கப் தூக்கினாரு. அதே வருஷம் அகமதாபாத்ல உலகக் கோப்பை, ஃபைனல்ல ஈரானை 38-29-ன்னு ஜெயிச்ச இந்திய அணியில இருந்தாரு. அப்போ 41. அப்புறம் புனே, மும்பை, ஹரியானா. ஹரியானாவுக்குக் கேப்டன். 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச எட்டாவது சீசன்ல ஜெய்ப்பூருக்கு. வயசு 46.

ஹரியானா, உத்தரப் பிரதேசப் பசங்க எல்லாம் அவரக் கூப்பிட்டது 'அண்ணா'ன்னுதான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவனுக்கும் அந்த ஒரு வார்த்தை தெரியும்.

இது எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. இருபது வயசுப் பையன் பாம்பு மாதிரி நழுவறான், 46 வயசுக்காரர் அவன் கணுக்காலப் பிடிச்சு உக்கார வெக்கறாரு. எந்த வைத்தியர் குடுத்த லேகியம் இது?

சரி, நாமளே இறங்கிப் பாத்துடுவோம்னு தோணுச்சு. (இங்கதான் என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டா.)

அக்கா பையன் ப்ராக்டிஸ் பண்றது சேலையூர்ப் பக்கம் ஒரு மண் தரை. காலையில அஞ்சரை மணி. கேம்ப் ரோடு சிக்னல்ல அந்த நேரத்துலதான் வண்டி நிக்காமப் போக முடியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கு வயசு 43, எடை 88.

போனதும் முதல் அடி அங்கதான்.

"அங்கிள், நீங்க எடையில வர மாட்டீங்க."

கபடியில ஆம்பளைங்களுக்கு 85 கிலோதான் உச்ச வரம்பு. ரக்பி ஃபார்வர்டு தின்னு தின்னு உடம்பேத்துவான். கபடிக்காரன் எடை பாக்கற நாளைக்கு முன்னாடி பட்டினி கிடப்பான், போர்வையப் போத்திக்கிட்டு ஓடுவான். நம்ம ஊர் டோர்னமென்ட்ல 55 கிலோ, 60 கிலோன்னு பிரிவு வேற இருக்கும். அங்க ஒரு பையன் முந்தின நாள் மத்தியானத்துலேருந்து தண்ணி கூடக் குடிக்கலன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரல. (தம்பிகளா, அத மட்டும் செய்யாதீங்கடா. ரெண்டு வாரம் முன்னாடியே கணக்குப் போட்டுக் குறைங்க.)

என்ன லெஃப்ட் கார்னர்ல நிறுத்தினாங்க. எதிர்ல ஒரு பொடியன் பாடி வந்தான், பத்தாவது படிக்கிறானாம்.

முதல் ரெய்டு: கால நீட்டினான். டோ டச். நான் அவுட்.

ரெண்டாவது: கையக் காட்டினான், கையப் பாத்தேன், காலால தட்டினான். அவுட்.

மூணாவது: பிடிக்கப் பாஞ்சேன். அவன் அங்க இல்ல. மண்ணு இருந்துது.

நாலாவது தடவ அக்கா பையன் கிட்ட வந்து காதுல சொன்னான். "மாமா, கையப் பாக்காத. இடுப்பப் பாரு. கை பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. அவன் திரும்பறப்போதான் போகணும்."

இந்த ஒரு வரிக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி சிட்னிக்காரன் கிட்ட இதச் சொன்னேன். அவன் ஆச்சரியமே படல. அங்க சின்னப் பசங்களுக்கு டேக்கிள் சொல்லிக் குடுக்கறப்போ மொதல்ல சொல்றதே இதுதானாம். இடுப்பப் பாரு!

அஞ்சாவது ரெய்டு. பொடியன் என் பக்கம் வந்தான், போனஸ் கோடு வரைக்கும் வந்தான், திரும்பினான். இடுப்பு லேசா வளைஞ்சுது. நான் போனேன். கணுக்கால் கையில மாட்டிச்சு! ரெண்டு கையாலயும் பிடிச்சேன். அவன் இழுத்தான். என்னயும் சேத்து மூணடி இழுத்துட்டுப் போனான். பிடிய விடல. அதுக்குள்ள கவர்ல நின்னவன் வந்து மேல விழுந்தான், இன்னொருத்தன், இன்னொருத்தன்.

விசில்.

எழுந்தா முகவாயில ரத்தம், ரெண்டு முட்டியும் தோல் உரிஞ்சு போச்சு. ஆனா அந்தப் பசங்க கை தட்டினாங்க பாருங்க! "சூப்பர்ணா!"

அங்கிள் அண்ணா ஆயிட்டேன். அதுக்குத் தையல் போட்டாலும் தகும். (போட்டாங்க. ரெண்டு.)

சேரலாதன் லேகியமும் அன்னிக்குப் புரிஞ்சுது. ரெய்டருக்கு வேகம் வேணும், வேகம் முப்பதுல இறங்க ஆரம்பிச்சுடும். கார்னருக்கு வேண்டியது ஒரு முப்பது செகண்ட் பொறுமை, ஒரு நொடி துணிச்சல். பொறுமை வயசாக வயசாக ஏறும். என்ன, முட்டி ஒத்துழைக்கணும்.

ரக்பி லீக்லயும் ஃபார்வர்டுங்க பலருக்கு இப்படித்தானாம். கேமரூன் ஸ்மித்னு ஒருத்தர், ஹூக்கர், அதுவும் ஃபார்வர்டு வரிசைதான். பாத்தா கணக்குப் பிள்ளை மாதிரி இருப்பாராம். 2002-லேருந்து 2020 வரைக்கும் மெல்போர்ன் ஸ்டார்ம் ஒரே கிளப்புக்கு 430 மேட்ச்.

சரி, இதெல்லாம் வீர தீரம். சித்தப்பா கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. என்னத்தக் கிழிக்கப் போற?

கோவத்த ஓரமா வெச்சுட்டு யோசிச்சா, அவர் கேட்டது வேற கேள்வி. ஆடற அன்னிக்குக் கூலி யாரு குடுப்பா? அதத்தான் அவர் பாஷையில கேட்டாரு.

ரக்பி லீக் பொறந்ததே இந்தக் கேள்வியாலதான்னா நம்புவீங்களா?

1895 ஆகஸ்ட் 29. வட இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டுன்னு ஊரு, அங்க ஜார்ஜ் ஹோட்டல். அந்தப் பக்கத்துல ரக்பி ஆடினவங்க நிறையப் பேரு சுரங்கத்துலயும் ஆலையிலயும் வேலை பாத்தவங்க. சனிக்கிழமை மேட்ச்னா அன்னிக்கு வேலைக்குப் போக முடியாது, கூலி போச்சு. போன கூலிய மட்டுமாவது குடுங்கன்னு கேட்டாங்க. தெற்க இருந்த பெரிய மனுஷங்க, காசு வாங்கினா ஆட்டம் கெட்டுப் போயிடும்னுட்டாங்க. (காசு இருக்கறவனுக்குத்தான் இந்தக் கவலையெல்லாம் வரும்.) வடக்குக் கிளப்புங்க அந்த ஹோட்டல்ல கூடி, போங்கய்யான்னு தனியாப் பிரிஞ்சுட்டாங்க. வேலை போன நாளுக்கு ஆறு ஷில்லிங்னு வெச்சாங்க. தனி விதி, 13 பேரு எல்லாம் அப்புறமா வந்தது. ஆட்டத்துக்கு முன்னாடி வந்தது சம்பளம்.

நம்ம ஊர் இதே கேள்விக்கு வேற விடை கண்டுபிடிச்சுது. பிரியல, சண்டை போடல. வேலைக்குச் சேத்துக்கிட்டாங்க.

ரயில்வே, பேங்க், போலீஸ், மின்வாரியம், ஆலைங்க. ஆட்டக்காரனுக்கு மேசை, நாற்காலி, மாசச் சம்பளம். மேட்ச்னா ஆன் ட்யூட்டி. மணத்தி கணேசன் அப்படி வந்தவர்தானே? தூத்துக்குடி மாவட்டம் மணத்திக் கிராமத்துலேருந்து கிளம்பி, பேப்பர் மில் டீம், அப்புறம் மின்வாரிய டீம், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம், அர்ஜுனா விருது. 2025 தீபாவளிக்கு வந்த 'பைசன்' அவர் வாழ்க்கைய வெச்சு எடுத்ததுதான். (படம் பாத்துட்டு வந்து சித்தப்பா கண்ணு கலங்கினாரு. அதே சித்தப்பாதான். தியேட்டர்ல கபடி ஆடினா வீரன், நம்ம வீட்ல ஆடினா தறுதலை.)

அப்புறம் 2014-ல லீக் வந்துது. ஏலம் வந்துது. முதல் ஏலத்துல அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரம். 2018-ல மோனு கோயத் ஒண்ணரைக் கோடியத் தாண்டினாரு. 2022-ல பவன் ஷெராவத்த நம்ம தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்துது.

அன்னிக்கு நான் தெருவுக்கே ஸ்வீட் வாங்கினேன். அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் மேட்ச். பத்து நிமிஷம் கூட ஆகல. பிடிக்கப் போய் முட்டி போச்சு. அவருக்கு அந்த சீசனே முடிஞ்சுது.

(அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போச்சு. கடவுளுக்கு நம்ம மேல ஏதோ இருக்கு.)

பவனுக்கு அடுத்த வருஷம் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல குடுத்து தெலுகு டைட்டன்ஸ் எடுத்துது. அவர் பெரிய ஆளு, மீண்டுட்டாரு. இதே முட்டி, சேலையூர் மண் தரையில ஆடற பையனுக்குப் போயிருந்தா? ஸ்கேனுக்கே அவங்க அம்மா நகையத் தேடணும்.

கணக்கப் பாருங்க. லீக்ல 12 டீமு. ஒரு டீமுக்கு 18-லேருந்து 25 பேரு. மொத்தமே முன்னூறு பேருக்குள்ளதான், இந்தியா முழுக்க, ஈரான்காரங்களயும் சேத்து. சீசன் ரெண்டு, மூணு மாசம். 2024 ஏலத்துல கடைசிப் பிரிவோட அடிப்படை விலை 9 லட்சம். நல்ல பணம்தான். ஆனா வருஷா வருஷம் வரும்னு எந்தச் சீட்டுலயும் எழுதிக் குடுக்கல. மிச்ச ஒம்போது மாசம்? அதுக்குத்தான் இன்னிக்கும் லீக்ல ஆடறவன் கூட ரயில்வே வேலைக்கு அலையறான்.

இன்னொண்ணும் சொல்லணும், இது பிடிக்கிறவங்களுக்காக. ஈரானோட முகமதுரெசா ஷாட்லூயி. லிஸ்ட்ல ஆல்ரவுண்டர்னு இருக்கும், நிக்கறது லெஃப்ட் கார்னர். 2023-ல புனே 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்துது, புனே கப் அடிச்சுது. அடுத்த வருஷம் ஹரியானா எடுத்துது, ஹரியானா கப் அடிச்சுது. கார்னர்ல நிக்கிறவனுக்கு வெலை இல்லன்னு யாரு சொன்னது?

இந்தக் கதைய அக்கா பையன் கிட்ட சொன்னேன். அவன் கேட்டது இவ்ளோதான்: "மாமா, கண்ணகி நகர் அக்காவத் தெரியுமா?"

தெரியாம இருக்குமா! தாம்பரத்துலேருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர்னு சுத்திப் போனா வர்ற ஊரு. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னாடி, சென்னைக்குள்ளேருந்து காலி பண்ணி அனுப்பின ஜனங்களக் குடி வெச்ச இடம். அங்கேருந்து போன கார்த்திகா, 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல இந்தியப் பொண்ணுங்க டீமோட துணைக் கேப்டன். ஃபைனல்ல ஈரானை 75-21. தமிழ்நாடு அரசு 25 லட்சம் குடுத்துது. அன்னிலேருந்து கண்ணகி நகர்னு சொன்னா மூக்கச் சுளிச்ச ஆளுங்க வாயில வேற பேச்சு வந்துது.

பரிசு குடுத்தது ரொம்ப சரி, அதுல மறுபேச்சே இல்ல. ஆனா பரிசு ஜெயிச்சப்புறம் வர்றது. 1895-ல அந்தச் சுரங்கத் தொழிலாளி கேட்டது பரிசு இல்லையே. இந்த சனிக்கிழமைக் கூலி. காலையில அஞ்சரைக்கு மண்ணுல விழுற பையனுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு முட்டை, ஒரு நீ-கேப், முட்டி போனா ஒரு இன்ஷூரன்ஸ், காலேஜ்ல ஒரு சீட்டு. ப்ளஸ் டூ முடிச்ச பசங்க மூணு பேரு அங்க ராத்திரியில பார்சல் டெலிவரி பண்ணிட்டு, தூங்காம நேரா ப்ராக்டிஸுக்கு வர்றாங்க. கபடி இருக்கற அன்னிக்கு லாகின் பண்ண முடியாது, அன்னிக்குக் காசு இல்ல.

அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டுல இருக்கு. இந்த மூணு பேர்ல ரெண்டு பேருக்கு அது தெரியவே தெரியாது. எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும், எது செல்லாதுன்னு சொல்லவும் ஆள் இல்ல. பந்தியில உக்காந்து கேள்வி கேக்கற நேரத்துல நம்ம பெரியவங்க இதச் சொல்லிக் குடுக்கலாம்.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணி இதத்தான் சொன்னேன். "நீங்க பேங்க்ல இருந்தப்போ உங்க பிராஞ்ச்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல யாரும் வரலியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஒருத்தன் இருந்தான்டா. வாலிபால். கேஷ் கவுன்ட்டர்ல உக்காருவான். தங்கமான பையன்."

"அவன் என்னத்தக் கிழிச்சான்?"

"நோட்டுக் கட்டத்தான்."

(மனுஷனுக்கு நகைச்சுவை இருக்கு, ஒத்துக்கறேன்.) மறுநாள் அவரே பையனுக்குப் போன் போட்டு, சான்றிதழ் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டு வாடான்னு கூப்பிட்டிருக்காரு.

இப்ப உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்.

நம்ம பக்கத்துல மின்கம்பத்துல போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'. முடிச்சூர், வண்டலூர், சேலையூர்னு எங்கயாவது. தாண்டிப் போகாதீங்க. ஒரு டீ குடிச்சுட்டு உள்ள போய் நில்லுங்க. பாடி வர்றவன எல்லாரும் பாப்பாங்க, நீங்க ஓரத்துல குனிஞ்சு நிக்கிற பையனப் பாருங்க. நல்ல பிடி போட்டான்னா, ஆட்டம் முடிஞ்சதும் கூப்பிட்டு அவன் கையில ஒரு இருநூறு ரூபா குடுங்க.

அன்னிக்கு அவன் வேலைக்குப் போயிருக்க மாட்டான்.